நடுப்புள்ளிக்குப் பக்கத்தில்

மூன்றாவது தடவையாகச் சொட்டு மருந்து விழுந்ததும் சாந்தாமணிக்குத் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எந்த வழியாக வந்தது என்று யோசித்தாள். அப்படியானால் உள்ளே எல்லாமே ஒன்றோடொன்று சேர்ந்துதான் கிடக்கிறது போல, கண்ணும் மூக்கும் தொண்டையும், பாதி நாள் விழுங்காமல் விட்ட சர்க்கரை மாத்திரையும். "கண்ண மூடிட்டு உக்காருங்கம்மா, அரை மணி நேரம் ஆகும், தெறந்து தெறந்து பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். மூடினாள். மூடினால் இருட்டாக இருக்க வேண்டாமா, இருட்டாக இல்லை, இமைக்குள்ளே பழுப்பும் சிவப்புமாக ஒரு துணி தொங்கியது, சாயம் சரியாக ஏறாத துணி, கம்பெனியில் இப்படி ஒன்று வந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். கோயம்புத்தூரில் இந்தக் கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடிக் கூடத்தில் நாற்பது பேராவது இப்படி உட்கார்ந்திருந்தார்கள், வரும்போதே பார்த்தாள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ சாமி வரப்போகிற மாதிரி. இப்போது அவளும் அதில் ஒருத்தி. யாரோ ஒரு குழந்தை நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துகிற செருப்போடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது. கிட்டே வந்தது. போனது. கிட்டே வந்தது. "அக்கா, தண்ணி வேணுங்களா?" என்றாள் பக்கத்தில் நசீமா. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நசீமா அதே பனியன் கம்பெனியில் அயர்ன் மேசையில் நிற்கிறவள். கூட ஒரு ஆள் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அதற்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். சாந்தாமணி தன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் சுருங்கிப்போகும், பிறகு அந்த முகத்தையும் சேர்த்து அவள்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

நன்றாகத்தான் தெரிகிறது, அதுதான் அவளுக்கு விளங்காத விஷயம். மங்கல் இல்லை, வலி இல்லை, கண்ணில் தண்ணீர் வடிவதுகூட இல்லை. பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் நிற்கிறாள், டியூப் லைட்டுக்கு அடியில் பீஸைப் புரட்டிப் போட்டால் ஊசி பட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எதுவும் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் ஊசியில் நூல் கோக்க அவளிடம்தான் கொண்டுவந்து நீட்டும். அப்படிப்பட்ட கண்ணை ஒரு கேமரா குறை சொல்லிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் கம்பெனி கேன்டீனில் முகாம் போட்டார்கள், சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோரும் வாருங்கள் என்றார்கள். முடி உலர்த்துகிற மெஷின் மாதிரி கைப்பிடி வைத்த கேமராவை ஒரு பெண் கண்ணுக்கு நேரே பிடித்தாள், பளீரென்று ஒரு வெளிச்சம், அந்தக் கண்ணுக்கு ஒன்று, இந்தக் கண்ணுக்கு ஒன்று. இட்லி வேகிற நேரம்கூட இல்லை, பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் முடிவு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. "ஏனுங்க, எந்த டாக்டரும் பாக்காமயே எப்படிச் சொல்லுது அது?" என்று கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: "லட்சக்கணக்கான கண்ணு படத்தக் காட்டி அதப் பழக்கியிருக்காங்கக்கா. எது நல்ல கண்ணு, எதுல கோளாறுன்னு டாக்டருங்க குறிச்சுக் குடுத்த படம். அதுக்குச் சந்தேகம் வந்தா டாக்டர்கிட்டப் போகச் சொல்லும், அவ்வளவுதான். இருக்கா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும்." சந்தேகம். மெஷினுக்குச் சந்தேகம் வருமா? மனுஷனுக்குத்தானே வரும். அன்று ராத்திரியே, இல்லை, மறுநாள் காலையில், சமையலறையில் தொங்குகிற காலண்டருக்கு முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ராகுகாலம் எமகண்டம் எல்லாம் வாசித்தாள். இன்னொரு கண்ணைப் பொத்தி வாசித்தாள். எல்லா எழுத்தும் வந்தது. மறுநாளும் வாசித்தாள். அதற்கு மறுநாள் ஒரு எழுத்து ஆடின மாதிரி இருந்தது, ஃபேன் காற்றில் காலண்டர்தான் ஆடியது என்று தெரிந்த பிறகும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். இந்த நோய் எழுத்து ஆடித் தெரியாது, வலித்துத் தெரியாது, அதுவாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பாவைப் பார்த்தவள்.

அப்பாவை நினைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணியிருந்தாள். பஸ்ஸில் அவிநாசி வரைக்கும் நினைக்கவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் வேறு என்ன வரும்? அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், சர்க்கரைக்காரர். உடுமலையில் அவர் ஏறாத கம்பம் இல்லை, மழைக்காலத்தில் நள்ளிரவில்கூட வந்து கூப்பிடுவார்கள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் இருக்கும்போது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "கண்ணுக்குள்ள சிலந்தி நூலாட்டம் ஒண்ணு ஓடுது கண்ணு, புடிச்சா கெடைக்க மாட்டேங்குது" என்று. அவள் அப்போது பண்டிகைக்கு அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அவரும்தான் சிரித்தார், காற்றில் கையை வீசி நூலைப் பிடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினார், சோற்றுப் பருக்கை சட்டையில் சிந்தியது. சிரித்தோமே, சிரித்தோமே. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வலது கண்ணில் சிவப்பாகத் திரை இறங்கிவிட்டது என்றார். அதற்கப்புறம் இடது. டாக்டர் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார், மூடி டக்கென்று விழுந்த சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது, "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம்" என்றார். ரெண்டு வருஷம் முன்னாடி. ரெண்டு வருஷம் முன்னாடி அவர் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நன்றாகத் தெரிகிறவனை யார் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்? ஆனால் அன்றைக்கு அவள் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஆறு வருஷம் அப்பா சுவரைத் தடவித் தடவி நடந்தபோதும் நினைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த அன்று, வாசல் நிறையச் சனம் நிற்கும்போது, தம்பி ரத்தினவேலைப் பார்த்து அவள் வாயிலிருந்து வந்ததே அது. "கூடவே இருந்தியேடா, உனக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?" வேலுதான் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவன், ஆறு வருஷமும் குளிப்பாட்டி விட்டவன், சோறு ஊட்டியவன். தலையைக் குனிந்துகொண்டு பாடைக்கு மூங்கில் கட்டினான். மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம் காட்சியில் பார்த்தால் "வாங்க" என்பான், அக்கா என்று சொல்லமாட்டான். செருப்பு கீச்சுக் கீச்சென்று வந்தது. போனது. தொண்டையில் இன்னும் கசந்தது. இதெல்லாம் அப்பாவிடமிருந்து வருவதா, இல்லை அந்தச் சொல்லிலிருந்து வருவதா, கண் அவிந்தது என்று ஒருத்தனைச் சொன்னால் அது சுற்றிக்கொண்டு எங்கேயாவது வந்து நிற்காதா, சே, என்ன நினைப்பு இது, சர்க்கரை வந்தால் கண்ணுக்கு வருவதுதான், சாபமாவது மண்ணாவது. ஆனாலும்.

"சாந்தாமணி! சாந்தாமணி யாரும்மா?" நசீமாதான் முதலில் எழுந்து முழங்கையைப் பிடித்தாள். கண்ணைத் திறந்தால் கூடமே பால் ஊற்றிக் கழுவின மாதிரி வெளுத்துக் கிடந்தது, ஆட்களுக்கு விளிம்பு இல்லை, ஜன்னல்கள் எரிந்தன. இப்படித்தான் இருந்திருக்குமோ அவருக்கு, என்று நினைத்தபோது கால் ஒரு படி இல்லாத இடத்தில் படியைத் தேடியது. "மருந்துனாலதான்க்கா, சாயந்தரம் சரியாயிரும்" என்றாள் நசீமா, எதைக் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள் என்றே தெரியாமல். டாக்டர் சின்ன வயசுப் பெண், முகம் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது, ஜலதோஷம் பிடித்த குரல். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சினாள். மேலே பாருங்க. கீழே பாருங்க. என் காதைப் பாருங்க. வலது கண்ணுக்குள்ளே வெகு நேரம் பார்த்தாள். வெகு நேரம். இடது கண்ணுக்குப் போய்விட்டு மறுபடியும் வலதுக்கு வந்தாள், அப்போதே சாந்தாமணிக்கு விளங்கிவிட்டது, ஒரு பீஸை இரண்டாம் தடவை புரட்டுகிறோம் என்றால் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? பக்கத்து அறையில் இன்னொரு மெஷினில் வைத்துப் படம் எடுத்து வரச் சொன்னாள், எடுத்து வந்தார்கள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் வேர் மாதிரி ரத்தக்குழாய்கள் என்று நசீமா பிறகு சொன்னாள், அவளுக்கு அது வெறும் ஆரஞ்சு மேகம். "அம்மா, பயப்படாமக் கேளுங்க" என்றாள் டாக்டர். பயப்படாமல் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள், கைக்குட்டையைத் தேடி எடுத்து, மடித்து, திரும்ப வைத்து, அத்தனை நேரமும் சாந்தாமணி அந்த நாற்காலியின் கைப்பிடியில் இருந்த ஒரு கிழிசலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தாள். "கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. நாம பாக்கிறது எல்லாம் அதுலதான் விழும். அதுக்கு நடுவுல ஒரு புள்ளி. நீங்க நூல் கோக்கிறது, எழுத்துப் படிக்கிறது எல்லாம் அந்தப் புள்ளியாலதான். சர்க்கரையால உங்க வலது கண்ணுல அந்த நடுப்புள்ளிக்குப் பக்கத்துல ரத்தக்குழாய் லேசாக் கசிஞ்சு கொஞ்சம் நீர் கோத்திருக்கு. நடுவுக்கு இன்னும் வரல. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல." வரவில்லை என்றாளா? "வரலீங்களா?" "வரல. வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. கசியிற இடத்துல மட்டும் லேசர் வச்சு அடைச்சிரலாம். அடுத்த வாரம் வாங்க, பதினஞ்சு நிமிஷ வேலை, படுக்கக்கூட வேண்டாம். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுப்பாட்டுல வச்சீங்கன்னா இந்தப் பார்வையைக் காப்பாத்திக்கலாம்." "எடதுங்க?" "முகாம் ரிப்போர்ட்ல கம்ப்யூட்டர் ரெண்டு கண்ணையும் குறிச்சிருக்கு. இடதுல சின்னதா ரெண்டு புள்ளிதான், அதுக்கு இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். மெஷின் அங்க கொஞ்சம் அதிகமாப் பயந்திருச்சு. வலதுல சரியாத்தான் புடிச்சிருக்கு. இத நீங்களா உணர்ந்து வரணும்னா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆயிருக்கும், அப்ப இவ்வளவு லேசா முடிஞ்சிருக்காது." பிறகு டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள், "கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் சர்க்கரை இருக்கா?" "தம்பிக்கு இருக்குதுங்க." "கண்ணக் காட்டியிருக்காரா?" "தெரியலீங்க" என்றாள் சாந்தாமணி. மூன்று வருஷமாக அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் வந்தது பசி. அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தாள், மூன்று வாரமாக அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது, வந்ததோ பசி, வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற பசி, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி. காலையில் அரை இட்லி தின்றது. நசீமா கீழே போய்ச் சுண்டலும் டீயும் வாங்கி வந்தாள், டீயில் சர்க்கரை வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லித்தான் வாங்கினேன் என்றாள். சாந்தாமணி சுண்டலை ஒவ்வொன்றாக எடுக்கப் போய், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், கையால் அள்ளித் தின்றாள். உடம்பில் ஒவ்வொரு இடமாகத் தளர்ந்துகொண்டு வந்தது, முதலில் பிடரி, அப்புறம் தோள், முழங்கால், இத்தனை இடத்திலா இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. நடுவுக்கு வரவில்லை. பக்கத்தில்தான். பக்கத்தில் என்றால் எவ்வளவு, ஒரு நூல் அளவா, நூலில் பாதியா, கேட்டிருக்கலாம். அடுத்த வாரம் கேட்க வேண்டும். அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கடுத்த வாரம், சித்திரையில் கம்பெனிக்குப் புது ஆர்டர் வரும், தீபாவளிக்குப் பேத்திக்குப் பாவாடை தைக்க வேண்டும், எல்லாவற்றையும் பார்க்கலாம். பார்க்கலாம் என்று எத்தனை ஆயிரம் தடவை சும்மா சொல்லியிருக்கிறாள், ஆகட்டும் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம். வாய்விட்டுச் சிரித்தாள். "என்னக்கா?" என்றாள் நசீமா. "ஒண்ணுமில்ல புள்ள. பாக்கலாம்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள், நசீமாவும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். அந்தக் கேமராவின் மேல் மூன்று வாரமாக இருந்த கோபம் எங்கே போனது என்று தேடினாள், காணோம். அது பயந்ததும் நல்லதுதான், கொஞ்சம் அதிகமாகவே பயந்ததும் நல்லதுதான், வீட்டில் ஒரு ஆள் பயப்பட வேண்டும். ஒண்ணுமில்லாத புள்ளிக்கும் பயந்தது, இருக்கிற கசிவுக்கும் பயந்தது. அவளுக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை. இங்கே நினைப்பு சிக்கிக்கொண்டது. சிக்கிக்கொண்டு மறுபடி மறுபடி அதே இடத்தில் வந்து இடித்தது. எனக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை. என் கண், என் தலைக்குள்ளே இருக்கிற கண், விடிந்தால் அடைந்தால் இதை வைத்துத்தான் பிழைப்பு, அதில் நீர் கோத்து நிற்பது எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. கம்பத்து மேல் நின்றுகொண்டு அவர் ஊரையே பார்த்தபோதும் உள்ளே கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கே தெரியாதது. அவருக்கே தெரியாதது கூட இருந்தவனுக்கு. டீ டம்ளர் கையில் சூடாக இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்று வாசலில் எத்தனை பேர் நின்றார்கள், சித்தப்பா, மாமன்மார், வேலுவின் மாமனார் வீட்டு ஆட்கள். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாள். அவன் மூங்கிலைக் கட்டினான், முடிச்சு சரியாக விழாமல் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அதைப் பார்த்தாளே, அன்றைக்கு அவள் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்ததே.

"நசீமா, என் போன எடு. எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. வேலுன்னு இருக்கும் பாரு." "வீட்டுக்காரருக்குப் போடறதுங்களாக்கா?" "அவருக்குச் சாயந்தரம் நேர்லயே சொல்லிக்கறேன். வேலு. வ-னாவுல இருக்கும்." மணி அடித்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்தாள், எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள், இந்நேரம் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருப்பான், காலைச் சவாரி முடிந்து. "சொல்லுங்க" என்றான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. "வேலு, நான் கண்ணாஸ்பத்திரியில இருக்கறேன்டா." தண்ணீர் நின்றது. "என்னாச்சு? யாருக்கு?" "எனக்குத்தான். பயப்படாத, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. இல்ல, இருக்குது, ஆனா மொதல்லயே புடிச்சுட்டாங்க. சர்க்கரை கண்ணுக்கு எறங்கியிருக்குது. அடுத்த வாரம் லேசர் வச்சா செரியாப் போகுமாம்." "எந்தக் கண்ணு?" என்றான். "வலது." "அப்பனுக்கும் வலதுதான் மொதல்ல போச்சு" என்றான், அவளிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரி. அவள் இதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கலாம், பஸ்ஸில் யோசித்து, வீட்டுக்குப் போய், நல்ல நாள் பார்த்து. இப்போதே சொல்லாவிட்டால் சொல்லவே போவதில்லை என்று தெரிந்தது. "வேலு, எனக்கு ஒண்ணுமே தெரியலடா. நல்லாத்தான் இருந்துது கண்ணு. கேமராவுல புடிச்சுக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரியுது. எனக்கே தெரியாதபோது அப்பனுக்கு வந்தது உனக்கு எப்படிடா தெரியும்? அன்னைக்கு நாஞ் சொன்னது தப்பு. அத்தன பேரு முன்னால சொன்னது தப்பு." நசீமா எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள், வெளிச்சத்தில் அவள் ஒரு நீலத் தீற்றலாக நின்றாள். போனில் வேன் கதவைச் சாத்துகிற சத்தம் வந்தது. பிறகு அவன் சொன்னான்: "நானும் அதத்தான் நெனச்சுட்டே இருந்தேன்க்கா. நமக்கு ஏன் தெரியலன்னு. மூணு வருசமா அதேதான்." அக்கா என்றான். அவள் காதில் போனை இன்னும் அழுத்திக்கொண்டாள். "நீ கண்ணக் காட்டுனியா?" "எனக்கு நல்லாத்தான் தெரியுது." "வேலு." "காட்டலக்கா. பயமா இருக்குது. வண்டி நெறைய புள்ளைங்க போகுது, ஏதாச்சும் இருக்குதுன்னுட்டா." "இருந்தாத்தான் சொல்லுவாங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டா ஒறங்கலாம்டா. சனிக்கெழமை வா, நானே கூட்டிட்டுப் போறேன்." "சனிக்கெழமை வேன் இல்ல. வர்றேன். என் மாமனார் வண்டிய எடுத்துட்டு வர்றேன்." "வண்டியில வராத. மருந்து ஊத்துனா திரும்ப ஓட்ட முடியாது, கண்ணு கூசும். பஸ்ஸுலயே வா." சரி என்றான். வைத்துவிடுவான் என்று பார்த்தாள், வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை, அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது. சனிக்கிழமைக்கு என்ன சமைப்பது என்று அவள் மனம் அதற்குள் கிளம்பிவிட்டது. அரிசியும் பருப்பும் சாதம் என்றால் உயிரை விடுவான், சர்க்கரைக்காரர்கள் இரண்டு பேர் இருந்துகொண்டு அதையா ஆக்குவது, கொஞ்சமாக ஆக்கலாம், கீரையை நிறைய வைக்கலாம், மூன்று வருஷம் கழித்து வருகிறவனுக்குச் சப்பாத்தியா போடுவது, ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு கரண்டி, நெய்கூட ஒரு சொட்டுத்தான்.